எங்கள் வீட்டு வாசல்: மார்ச் மாதம் சொல்லாமல் விட்டது



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ராத்திரி படித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், வீட்டு முன்னால் தளம் போடும் யோசனையில் இருப்பவர்களும் தள்ளிவைக்காமல் படிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன மார்ச் மாதம் எங்கள் வீட்டு முன்வாசல் படம் ஒன்று போட்டிருந்தேன். பலருக்கு நினைவிருக்கும். கருங்கல் பாவியது போல இருக்கும் அச்சுக் கான்கிரீட் தளம், அதன் மேல் சாயங்கால வெயில், ஓரத்தில் வேப்பமரம், நடுவில் பேரனைத் தூக்கிக்கொண்டு நான். "சார், அரண்மனை மாதிரி இருக்கு" என்று ஒருவர். "மாமா, கல்லா, சிமென்ட்டா?" என்று ஒருவர். கொத்தனார் நம்பர் கேட்டு மட்டும் பதினேழு பேர். நானும் சந்தோஷமாக ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன்.

இப்போது எதற்கு அதைக் கிளறுகிறேன் என்றால், பத்து நாளைக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பழைய மாணவி ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். "சார், உங்க வாசல் படத்தைக் காட்டித்தான் எங்க காண்ட்ராக்டர்கிட்ட கேட்டிருக்கேன். அதே மாதிரி பளபளன்னு வேணும்னு சொல்லிட்டேன். அத்தைக்கு 78 வயசு. வாசல் நல்லா இருந்தா அவங்களும் காத்தாட வெளிய நடப்பாங்க."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தில் இருந்தது பாதிக் கதைதான். மீதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களிடம் சொன்னதோ அப்பட்டமான பொய். முதலில் அந்தப் பிள்ளைக்குப் போன் செய்து பேசிவிட்டேன். இப்போது உங்கள் எல்லோருக்கும்.

எங்கள் வீடு கோவில்பட்டியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கரிசல் மண். தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு நல்லது, தளத்துக்கு ஆகாது. முப்பது வருஷத்துக்கு முன் நான் போட்ட பழைய சிமென்ட் வாசல் நாலைந்து துண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பேரனுக்குக் காதுகுத்து வைத்தோம். கோயிலில் முடித்துக்கொண்டு விருந்து வீட்டில். அதற்கு முன் வாசலைச் சரிசெய்ய வேண்டும் என்று மகள் சொன்னாள். அவள்தான் ஸ்டாம்ப்டு கான்கிரீட் படங்களை அனுப்பினாள்.

விஷயம் ஒன்றும் மந்திரம் இல்லை. சாதாரணக் கான்கிரீட் போட்டு, அது பச்சையாக இருக்கும்போதே மேலே வண்ணப்பொடி தூவித் தேய்த்து, ரப்பர் அச்சை வைத்து மிதித்து, கல் மாதிரியோ செங்கல் மாதிரியோ மரப்பலகை மாதிரியோ தடம் பதிப்பது. 1950-களில் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பிராட் போமன் என்ற கட்டடக்காரர் இதை ஒரு தொழிலாக வளர்த்தார். அப்போது உலோக அச்சு. பிற்பாடு வளையும் பாலியூரித்தேன் அச்சுகள் வந்ததும் கல்லின் சொரசொரப்பு வரைக்கும் அப்படியே எடுக்க முடிந்தது. இப்போது நம் ஊர்ப் பக்கமும் காம்பவுண்டுக்குள் கார் நிறுத்துகிற வீடுகளில் நிறையப் பார்க்கிறோம். நிஜக் கல் பாவுவதைவிடச் செலவு குறைவு. டைல்ஸ் போல ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வராது.

வந்த கொத்தனாருக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். சென்னையிலும் கேரளாவிலும் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்த அன்றைக்குக் கடப்பாரையை வாங்கி வாசலின் ஒரு மூலையில் குத்திப் பார்த்தார்.

"சார், இந்தக் கரிசல ஒன்றரை அடி தோண்டி எடுத்துட்டுச் சரள்மண் அடிச்சு, தண்ணி ஊத்தித் திமிசு போடணும். இல்லன்னா மேல என்ன அச்சு குத்துனாலும் ஒரு மழையில வெடிச்சிரும்."

செலவு கூடுமே என்று எனக்கு மனதுக்குள் ஒரு சுருக். "பார்க்கலாம் தம்பி" என்றேன். ராத்திரி மருமகனிடம் போனில் பேசினேன். அவர் சிவில் இன்ஜினியர். "அவர் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட் மாமா" என்றார். மறுநாள் காலையில் கொத்தனாரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் நான் கொத்தனார் பேச்சைக் கேட்டேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், கேட்டது மருமகன் பேச்சை. அதே வார்த்தை முந்தின நாள் எட்டாவது படித்தவர் வாயிலிருந்து வந்தபோது எனக்குச் செலவுக் கணக்காகத்தான் கேட்டது.

மண் வேலை முடிந்த அன்று சாயங்காலம் கொத்தனார் வாசலில் நின்று இரண்டு கேள்வி கேட்டார். என்னிடம் இல்லை, என் மனைவியிடம்.

"அம்மா, தினம் வாசத் தெளிப்பீங்களா?"

"தெளிக்காம எப்படித் தம்பி?"

"கோலம் எந்த எடத்துல போடுவீங்க?"

அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "கோலம் எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம் தம்பி. டிசைன் நடுவுல கெடக்கூடாது. வாசப்படி வரைக்கும் ஒரே மாதிரி அடிச்சிருங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

கான்கிரீட் போட்ட அன்று விடிவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். 20 அடிக்கு 30 அடி வாசல், 4 அங்குலக் கனம், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, கம்பி வலை. வெயில் ஏறிவிட்டால் மேல்புறம் சட்டென்று இறுகிவிடும், அச்சு இறங்காது என்பதால் அந்த அவசரம். ஊற்றி, மட்டப்பலகை இழுத்து, மேலே கசியும் தண்ணீர் வற்றும் வரை காத்திருந்து, வண்ணப்பொடியை இரண்டு தரம் தூவித் தேய்த்தார்கள். அதற்கு மேல், அச்சு ஒட்டாமல் இருக்க இன்னொரு பொடி. அந்தப் பொடிதான் பிறகு கழுவும்போது பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் தங்கி, பழைய கல் போன்ற இரட்டை நிறத்தைக் கொடுக்கிறது.

எல்லாவற்றையும் விட நான் அசந்துபோனது ஒரு சின்ன விஷயத்துக்கு. அச்சு வைக்கும் முன் கொத்தனார் அங்கங்கே உட்கார்ந்து கட்டைவிரலால் கான்கிரீட்டை அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் விரலில் ஈரம் ஒட்டியது. "இன்னும் ஆகல" என்றார். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு இடம். விரல் கால் அங்குலம் இறங்கியது. பதிந்த குழியின் ஓரம் உடையவில்லை, விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "இப்ப வைங்கடா" என்றார். முந்தினால் அச்சு அமுங்கிக் கோணலாகும். பிந்தினால் எத்தனை பேர் ஏறி மிதித்தாலும் தடம் விழாது. அவரிடம் கடிகாரமும் இல்லை, கருவியும் இல்லை. கட்டைவிரல் ஒன்றுதான்.

மறுநாள் தளத்தில் குறுக்கும் நெடுக்கும் மிஷின் வைத்துக் கோடு அறுத்தார்கள். பத்தடிக்கு ஒன்று, ஓர் அங்குல ஆழம். கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். எங்கேயாவது வெடிக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் கோட்டுக்குள் விழுவதற்காக அந்த அறுப்பு. கல் டிசைனின் இடைவெளியோடு பெரும்பாலும் சேர்ந்து போகும்படி அழகாக அறுத்திருந்தார். மேலே மிச்சமிருந்த பொடியைக் கழுவிவிட்டபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இங்கேதான் என் புத்தி கெட்டது.

அன்றிலிருந்து எட்டாம் நாள் காதுகுத்து. கொத்தனார் சொன்னது இது: "சார், பத்து நாளாவது காலையிலயும் சாயங்காலமும் தண்ணி விடணும். சாக்கு போடாதீங்க, சாக்குத் தடம் கலர்ல விழுந்துரும். பூவா அடிச்சு விட்டாப் போதும். அப்புறம் நல்லா காயட்டும். ஒரு மாசம் கழிச்சு நானே வந்து சீலர் அடிச்சுத் தாரேன். மெல்லிசா அடிக்கணும். சொரசொரப்புப் பொடி கலந்து அடிக்கணும். அம்மா தினம் தண்ணி தெளிக்கிற எடம்."

"விசேஷத்துக்குப் பளபளப்பு இருக்காதே?"

"கழுவி விட்டாலே நல்லா இருக்கும் சார்."

"அந்தப் பொடி கலந்தா மினுமினுப்பு மங்குமா?"

"கொஞ்சம் மங்கும் சார். ஆனா கால் நிக்கும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதக் கை கூசுகிறது. "தம்பி, நான் முப்பத்து நாலு வருஷம் சயின்ஸ் எடுத்தவன். எனக்கு இதெல்லாம் தெரியும். பொடியும் வேண்டாம், ஒரு மாசமும் வேண்டாம். விசேஷத்துக்கு முந்தின நாள் ரெண்டு கோட்டிங் நல்லா கனமா அடிச்சு விடுங்க."

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க இஷ்டம் சார்" என்றார்.

உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. வகுப்பில் நான் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சிமென்ட் காய்வதால் இறுகுகிறதா, நனைவதால் இறுகுகிறதா?" முக்கால்வாசிப் பேர் "காய்வதால் சார்" என்பீர்கள். நான் வெற்றிப் புன்னகையோடு, "இல்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. காய்ந்துபோனால் அந்த வினை நின்றுவிடும். அதனால்தான் கட்டடத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள்" என்பேன். நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456-இலும் அதுதான் இருக்கிறது. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். வறண்ட வெயில் காலத்தில் இன்னும் அதிகம். நாங்கள் போட்டது சாம்பல் கலந்த சிமென்ட். மாதமோ மார்ச். ஊரோ கோவில்பட்டி.

அத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியவன், சொந்த வாசலுக்கு ஆறே நாள் தண்ணீர் விட்டுவிட்டு ஏழாம் நாள் சீலர் அடிக்கச் சொன்னேன். போட்டோவுக்காக.

நீங்கள் பார்த்த படம் அதற்கு மறுநாள் எடுத்தது.

இரண்டு மாதத்தில் தளத்தில் அங்கங்கே பால் சிந்தியது போல வெள்ளை படர்ந்தது. உள்ளே இருந்த ஈரம் வெளியே வரப் பார்க்கிறது. மேலே கனமான சீலர் படலம் வழியை அடைத்துவிட்டது. அது படலத்துக்கு அடியில் தங்கி வெளுத்துப்போயிற்று. பார்க்கிறவர்கள் கேட்டால் "தண்ணியில உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் மனைவி இதைவிடப் பெரிய கஷ்டத்தைச் சத்தமில்லாமல் பட்டுக்கொண்டிருந்தாள். கல் டிசைன் என்றால் மேடும் பள்ளமும் இடையில் கோடும் இருக்கும். புள்ளி வைத்தால் ஒன்று மேட்டில் நிற்கும், அடுத்தது பள்ளத்தில் விழும். இழை இழுத்தால் கோட்டுக்குக் கோடு அறுந்துபோகும். முந்தின நாள் மாவு பள்ளங்களில் போய்த் தங்கிக்கொள்ளும். அதைக் கழுவி வெளியேற்ற அவள் முன்னைவிட இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றி, குனிந்து விளக்குமாற்றால் தேய்த்துத் தள்ளுவாள். வழவழப்பான சீலர், அதன் மேல் தண்ணீர், அதில் குழைந்த கோலமாவு. யோசித்துப் பாருங்கள். நான் உள்ளே ஃபேனுக்கடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. வாளி உருளும் சத்தம் முதலில். பிறகு அவள் சத்தம். போய்ப் பார்த்தால் வாசப்படிக்கு இரண்டடி தள்ளிக் கிடக்கிறாள். விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு பக்கவாட்டில் ஒரு மாதிரி திரும்பியிருந்தது. தூக்கப்போன நானும் வழுக்கி முழங்கால் போட்டேன். எதிர்வீட்டுத் தம்பி ஓடிவந்து செருப்புக் காலோடு நின்று எங்கள் இருவரையும் எழுப்பினார்.

எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

இடுப்பு எலும்பாக இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் ராத்திரி வந்து போகும். அவளுக்கு 66 வயது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் நான், "மழை பேஞ்சு கிடந்துச்சு, கவனிக்காம கால வச்சுட்டா" என்று சொன்னேன். மதுரை மதினி, தூத்துக்குடித் தம்பி, சென்னைச் சித்தப்பா, நீங்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அன்றைக்கு மழை இல்லை. அவள் கவனக்குறைவும் இல்லை. நாற்பத்தொரு வருஷமாக ஒருநாள் தவறாமல் வாசல் தெளிக்கிறவள் அவள். பக்கத்தில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவள், நான் சொன்ன பொய்க்கு மறுவார்த்தை சொல்லவில்லை. "ஆமா, பராக்குப் பாத்துட்டேன்" என்று எனக்காகச் சேர்த்தும் சொன்னாள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கொத்தனாருக்குப் போன் செய்தேன். திட்டுவார், இல்லை குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். "அம்மாவுக்கு எப்படி சார் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். அன்று சாயங்காலமே பழம் வாங்கிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தார். "நான் சொன்னேனே" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேயில்லை. நான்தான் சொன்னேன்: "நீங்க சொன்னீங்க தம்பி. நான் கேக்கல."

அவர் பதிலுக்குச் சொன்னது: "நானும் இன்னும் அழுத்திச் சொல்லிருக்கணும் சார். வாத்தியாராச்சேன்னு விட்டுட்டேன்."

அன்று முழுக்க அந்த வார்த்தை என்னை விடவில்லை. நான் வாத்தியார் என்பதால் என்னிடம் உண்மையை இரண்டாம் தரம் சொல்ல ஒருவர் தயங்கியிருக்கிறார். வகுப்பில் என்னிடம் இப்படித் தயங்கி வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேரோ. இதைப் படிப்பவர்களில் யாராவது இருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிறகு செய்த வேலையைச் சொல்கிறேன். இதே தப்பைச் செய்தவர்களுக்கு உதவும்.

முதலில், வாசப்படிக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி அறுத்து எடுத்தோம். அந்த இடத்தில் அச்சும் இல்லை, வண்ணமும் இல்லை, சீலரும் இல்லை. சாதாரணக் கான்கிரீட். கரணையால் வழவழப்பாக இழைக்காமல், மட்டப்பலகைத் தேய்ப்போடு நிறுத்திவிட்டார். கையை வைத்தால் பூனை நாக்கு போல லேசாகச் சொரசொரக்கும். இந்தத் தரம் இடத்தைக் காட்டியது என் மனைவி. மாவுக்கட்டுக் கையோடு நின்று, "இங்கருந்து இதுவரைக்கும் தம்பி" என்று காலால் கோடு போட்டாள். நான் திண்ணையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சதுரத்துக்குப் பதினாலு நாள் தண்ணீர் விட்டது நான். காலை, மாலை. எதிர்வீட்டுத் தம்பி, "சார், போதும் சார், முளைச்சிரப் போகுது" என்று கிண்டல் செய்தார்.

அடுத்து, பழைய சீலரைச் சைலீன் என்ற கரைப்பான் ஊற்றிக் கரைத்துத் துடைத்து எடுத்தார்கள். சின்ன வேலை இல்லை. மூக்கை அடைக்கும் நெடி. முகமூடி வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது. மழை விட்ட ஒரு வாரமாகப் பார்த்துச் செய்து, நன்றாகக் காயவிட்டு, ஒரே ஒரு மெல்லிய பூச்சு. சொரசொரப்புப் பொடி கலந்து. வெளுப்பு முக்கால்வாசி போய்விட்டது. மினுமினுப்பு பாதிகூட இல்லை. தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தேன். கால் நிற்கிறது.

இன்னொன்றும் செய்தோம். வேப்பமரத்தைச் சுற்றி நாலடிக்குத் தளத்தை எடுத்துவிட்டு மண்ணாக விட்டோம். 600 சதுர அடித் தளத்தில் ஓர் அங்குலம் மழை பெய்தால் சுமார் 1,400 லிட்டர் தண்ணீர். அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நம் மாநிலத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, மாணவர்களை வரிசையாக நிறுத்தி ஊர்வலம் கூட்டிப்போன ஆள் நான். இப்போது தளத்தின் வாட்டம் மரத்தடி வழியாக மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது.

ஆக, புதிதாகப் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். அச்சுக் கான்கிரீட் கெட்டது இல்லை. எங்கள் வாசல் இன்றைக்கும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கரிசல் பூமியில் ஒரு வருஷத்தில் கோடு தாண்டி ஒரு வெடிப்புகூட இல்லை. அடிமண்ணுக்குச் செலவு செய்யுங்கள். மேல் டிசைனில் மிச்சம் பிடியுங்கள். அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் வையுங்கள். தேங்குகிற தண்ணீரில் பாசி பிடித்தால் எந்தப் பொடியும் காப்பாற்றாது. கறுப்பு, அடர்பழுப்பு நிறம் வேண்டாம். சித்திரை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. சீலரை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். விசேஷத் தேதியைக் கான்கிரீட்டிடம் சொல்லாதீர்கள். அதற்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது.

அதைவிட முக்கியம், அந்த வாசலில் தினமும் யார் தண்ணீர் தெளிக்கிறார்கள், யார் குனிகிறார்கள், யார் தடி ஊன்றி நடக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் முதலில் கேளுங்கள். நம் பாட்டிமார் சாணம் மெழுகிய மண்வாசல் அழகுப் போட்டிக்கு நிற்காது. ஆனால் ஈரத்தில் கால் வழுக்காது, கோலம் நிற்கும். தினம் அதில் வேலை செய்தவர்கள் தங்களுக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்ட தரை அது.

டிசம்பர் முதல் வாரம் கட்டுப் பிரித்தார்கள். மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மஞ்சள் நிற ஸ்பாஞ்சு பந்து ஒன்றை அமுக்கி அமுக்கிப் பழகிக்கொண்டிருக்கிறாள். மார்கழி முதல் தேதி விடியற்காலை நான் எழுந்து வந்து பார்த்தபோது சதுரத்தில் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று இருந்தது. வழக்கமாக மார்கழிக்கு வாசல் அடைக்கப் போடுகிறவள். இழை அங்கங்கே நடுங்கியிருந்தது, ஆனால் எங்கும் அறுந்திருக்கவில்லை. "நல்லா இருக்கு" என்றேன். "கை வரல" என்றாள். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் தெளிப்பது இப்போது என் வேலை.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் போடுகிறேன். படித்துக் காட்டினேன். "அந்த ஃபேனுக்கடியில பேப்பர் படிச்சதையும் எழுதிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் அந்த மாணவி காண்ட்ராக்டரிடம் பேசிவிட்டாராம். அத்தை நடக்கும் பக்கம் முழுவதும் சொரசொரப்புத் தளம், பிடித்து நடக்க ஒரு கைப்பிடிக் கம்பி. அச்சு வேலை கார் நிற்கும் இடத்துக்கு மட்டும். நிம்மதி.

மார்ச்சில் கொத்தனார் நம்பர் கேட்ட பதினேழு பேருக்கும்: இப்போதும் தருகிறேன். நல்ல வேலைக்காரர். ஒரே ஒரு நிபந்தனை. அவர் சொல்வதை முதல் தடவையிலேயே கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். வாசலில் பார்த்து நடங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்